செவ்வகத்துக்குள் இரண்டு செங்குத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வீட்டு விறாந்தையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். கேத்திரகணிதம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கீழே உள்ள கணக்கைக் கொடுப்பேன். கேள்விகளும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் வரும். பிள்ளைகள் கேட்டவற்றையும், வாசலில் காத்திருக்கும் பெற்றோர் கேட்ட ஒன்றிரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கணக்கு இதுதான்:

கசடத ஒரு செவ்வகம். கச = 20 செ.மீ., சட = 15 செ.மீ. ப என்பது கச என்னும் பக்கத்தின் மேல் எங்காவது உள்ள ஒரு புள்ளி. ப இலிருந்து மூலைவிட்டம் கட இற்கு வரைந்த செங்குத்து பய. ப இலிருந்து மூலைவிட்டம் சத இற்கு வரைந்த செங்குத்து பர. மூலைவிட்டங்கள் ம இல் வெட்டுகின்றன. பய + பர இன் பெறுமானம் என்ன?

ரீச்சர், எழுத்துகள் ஏன் இப்படி இருக்கின்றன?

வினாத்தாளில் ஏ, பீ, சீ, டீ என்றுதான் வரும். அதற்கும் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு இது வசதி. வல்லினம் க, ச, ட, த நான்கும் செவ்வகத்தின் மூலைகள், ஐந்தாவதாக வரும் ப நமது புள்ளி. இடையினம் ய, ர, ல, வ எல்லாம் செங்குத்துகளின் அடிகள். நடுவில் இருப்பது மெல்லினத்து ம. படத்தைப் பார்க்காமலே எது எங்கே என்று சொல்லிவிடலாம். ற மட்டும் வேலையில்லாமல் நிற்கிறது.

ப எங்கே இருக்கிறது என்று கணக்கில் சொல்லவே இல்லை. வினா பிழையா?

பிழை இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்காத பிள்ளைகளில் பாதிப் பேர் சத்தமில்லாமல் ப ஐக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

"எங்காவது" என்ற சொல்லைக் கண்டால் பதற வேண்டாம். ப எங்கே இருந்தாலும் விடை மாறாது என்று கேள்வி கேட்டவரே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்போம். கப = 5 செ.மீ. என்றால் பய = 3, பர = 9. நடுவில், அதாவது கப = 10 என்றால் 6 உம் 6 உம். கப = 15 என்றால் 9 உம் 3 உம். ஒன்று கூடும் அளவுக்கு மற்றது குறைகிறது. கூட்டுத்தொகை 12 இலேயே நிற்கிறது. இந்த எண்கள் எப்படி வந்தன என்பதைக் கீழே இயல்பொத்த முக்கோணிகள் பற்றிய பதிலில் காணலாம்.

அப்படியென்றால் ப ஐ மூலைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

கெட்டித்தனமான கேள்வி. ப ஐ க இன் மேல் வைத்தால் பய பூச்சியமாகிவிடும். பர என்பது க இலிருந்து சத இற்கு உள்ள செங்குத்துத் தூரம். முக்கோணி கசத இன் பரப்பளவை இரண்டு விதமாக எழுதலாம்: ½ × 20 × 15 உம் ½ × 25 × பர உம் ஒன்றே. ஆகவே பர = 300 ÷ 25 = 12.

விடையை மட்டும் கேட்டால் இது போதும். நானும் சரிபார்ப்பதற்கு இதைத்தான் முதலில் செய்வேன். ஆனால் "நிறுவுக" என்று கேட்டால் இது நிறுவல் ஆகாது. ப ஓர் இடத்தில் இருக்கும்போது 12 வந்தது என்று மட்டுமே காட்டியிருக்கிறீர்கள். மற்ற இடங்களிலும் அதே 12 வரும் என்பதை இன்னும் காட்டவில்லை, அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நிறுவலை எங்கிருந்து தொடங்குவது? எந்தக் கோட்டைக் கீற வேண்டும் என்றே தெரியவில்லை.

செங்குத்துத் தூரம் என்ற சொல் காதில் விழுந்தால் பரப்பளவு நினைவுக்கு வர வேண்டும். என் வகுப்பில் இதை அலுக்கும் வரை சொல்வேன். செங்குத்துத் தூரம் என்றால் ஏதோ ஒரு முக்கோணியின் உயரம். கணக்கில் உயரம் கிடக்கிறது, அடி எங்கே என்று தேடுங்கள்.

பய என்பது கட இற்குச் செங்குத்து. ஆகவே அடி கட இன் மேல் கிடக்க வேண்டும். ப ஐயும் ம ஐயும் இணைத்துப் பாருங்கள். முக்கோணி கபம கிடைக்கும்: அடி கம, உயரம் பய. மற்றப் பக்கத்தில் முக்கோணி சபம: அடி சம, உயரம் பர. இரண்டும் சேர்ந்தால் முக்கோணி கசம. அதன் பரப்பளவுக்கும் ப இருக்கும் இடத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கொப்பியில் இப்படி எழுதுங்கள்:

அமைப்பு: பம ஐ இணைக்க.
கட² = 20² + 15² = 625 (பைதகரசின் தேற்றம்), ஆகவே கட = 25 செ.மீ.
செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம், ஒன்றையொன்று இருசமகூறிடும்; ஆகவே கம = சம = 12.5 செ.மீ.
முக்கோணி கசம இன் பரப்பளவு = ¼ × 20 × 15 = 75 ச.செ.மீ.
கபம + சபம = கசம
½ × 12.5 × பய + ½ × 12.5 × பர = 75
6.25 (பய + பர) = 75
பய + பர = 12 செ.மீ.

கால்வாசி எப்படி வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டுமென்றால்: ம இலிருந்து கச இற்கு உள்ள உயரம் செவ்வகத்தின் அகலத்தில் பாதி, அதாவது 7.5. ½ × 20 × 7.5 = 75.

இதில் பய ஐத் தனியாகவோ பர ஐத் தனியாகவோ நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. கண்டுபிடிக்கவும் முடியாது, ப எங்கே என்று தெரியாதே. கேட்டது கூட்டுத்தொகை, கிடைத்ததும் கூட்டுத்தொகை. தேவையில்லாததைத் தேடிக் களைத்துப்போகும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"கம = சம" என்ற வரியைக் கட்டாயம் எழுத வேண்டுமா? அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கட்டாயம். முழுக் கணக்கும் அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. அடிகள் இரண்டும் சமம் என்பதால்தான் 6.25 ஐப் பொதுக் காரணியாக வெளியே எடுக்க முடிந்தது. அவை வேறு வேறாக இருந்தால் பய ஐ ஓர் எண்ணாலும் பர ஐ இன்னோர் எண்ணாலும் பெருக்கிக் கூட்ட வேண்டிவரும். அப்போது பய + பர என்று தனியாக எதுவும் வராது.

மகளை ஏற்றிப்போக வந்த மேசன் ஒருவர் ஒருநாள் பலகையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "மூலைக்கு மூலை பிடிச்சுப் பாத்தனீங்களோ, ரீச்சர்?" என்று கேட்டார். அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது எதிர்ப்பக்கங்களைச் சமமாக அளந்துவிட்டு, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுப்பார்களாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலைகள் நேர். ஓர் அங்குலம் வித்தியாசம் என்றாலும் முளையைப் பிடுங்கி மறுபடி அடிப்பார்கள். நாங்கள் ஒரு வரியில் எழுதும் தேற்றத்தை அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் வெயிலில் நின்று செய்கிறார். முதல் மூலையைப் பிடிக்க 3 அடி, 4 அடி, 5 அடி என்று அளப்பதும் அவர்கள் வழக்கம். நமது 15, 20, 25 உம் அதே முக்கோணிதான், ஐந்து மடங்கு.

அன்றையிலிருந்து அந்த வரியை எழுதாதவர்களிடம் "மூலைக்கு மூலை பிடித்தாயா?" என்று கேட்பேன். பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

இயல்பொத்த முக்கோணிகளால் செய்யலாமா?

தாராளமாக. முக்கோணிகள் கபய, கடச இரண்டையும் எடுங்கள். க இல் உள்ள கோணம் பொது. ய இலும் ச இலும் செங்கோணம். ஆகவே இயல்பொத்தவை:

பய / சட = கப / கட, எனவே பய = 15 × கப ÷ 25 = 0.6 × கப

அதேபோல முக்கோணிகள் சபர, சதக இயல்பொத்தவை:

பர = 0.6 × சப

கூட்டினால் 0.6 × (கப + சப) = 0.6 × 20 = 12.

கப உம் சப உம் சேர்ந்தால் முழுப் பக்கம் என்பதுதான் இங்கே ப ஐ மறையச் செய்கிறது. இந்த வழியில் தனித்தனி நீளங்களும் கிடைக்கின்றன. மேலே சொன்ன 3 உம் 9 உம் இங்கிருந்து வந்தவை. திரிகோணகணிதம் படித்தவர்களுக்கு 0.6 என்பது கோணம் சகட இன் சைன் பெறுமானம் என்று தெரியும். அவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நேரம் குறைவு என்றால் இந்த வழி நல்லது. எனக்குப் பரப்பளவு வழிதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஒத்த உச்சிகளை ஒழுங்காக எழுதாமல் விட்டால் விகிதம் தலைகீழாகிவிடும். இங்கே பிழை விடும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கபய ஐக் கசட உடன் ஒப்பிட்டவர்கள்.

எண்களே தராமல், "பய + பர ஒரு மாறிலி என நிறுவுக" என்று வந்தால்?

பரப்பளவு வழியிலேயே எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போடலாம். நீளம் நீ, அகலம் அ, மூலைவிட்டம் மூ என்றால் கூட்டுத்தொகை நீ × அ ÷ மூ.

ஒருங்கிசைவை வைத்துச் செய்யும் வழியும் உண்டு. கையெழுத்துப் போல அழகான நிறுவல் அது. க இலிருந்து சத இற்குச் செங்குத்து கவ ஐ வரையுங்கள். ப இலிருந்து கவ இற்குச் செங்குத்து பல ஐ வரையுங்கள். லவரப என்ற நாற்பக்கலில் ல, வ, ர மூன்றிலும் செங்கோணம், ஆகவே அது செவ்வகம்; லவ = பர.

இனி முக்கோணிகள் கபல, பகய இரண்டையும் பாருங்கள். ல இலும் ய இலும் செங்கோணம். கப பொதுப் பக்கம். பல உம் சத உம் சமாந்தரம் என்பதால் கோணம் கபல = கோணம் கசத (ஒத்த கோணங்கள்). கம = சம என்பதால் கோணம் கசத = கோணம் பகய. ஆகவே கோ.கோ.ப. (கோணம், கோணம், பக்கம்) சந்தர்ப்பத்தில் இரண்டும் ஒருங்கிசையும்; கல = பய.

பய + பர = கல + லவ = கவ. கவ இற்கும் ப இற்கும் தொடர்பு இல்லை. முடிந்தது.

எல்லாம் விளங்குகிறது. ஆனாலும் ஏன் மாறாமல் இருக்கிறது என்று மனதில் ஒட்டவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்காகத்தான் லஞ்ச் சீற் வித்தையைக் கண்டுபிடித்தேன். சாப்பாட்டுப் பொதி கட்டும் அதே லஞ்ச் சீற்தான். முக்கோணி கமச ஐயும் ப, ய, ர எல்லாவற்றையும் அதன் மேல் மார்க்கர் பேனையால் கீறுங்கள். கச என்ற கோட்டில் நேராக மடியுங்கள். வழுக்கும், ஆகவே ஓரத்தை ரேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். மறுபக்கம் தெரியும் கோடுகளின் மேல் இன்னொரு நிறத்தால் கீறிவிட்டு மடிப்பைத் திறவுங்கள்.

இப்போது கச இற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு முக்கோணிகள். ம இன் விம்பத்தை ந என்றும், ர இன் விம்பத்தை ள என்றும் வைத்துக்கொள்வோம். கமசந ஒரு சாய்சதுரம், நான்கு பக்கமும் 12.5. அதில் கம உம் நச உம் சமாந்தரம். பய என்பது கம இற்குச் செங்குத்து. பர மடிந்து பள ஆகி, நச இற்குச் செங்குத்தாக நிற்கிறது. சமாந்தரமான இரண்டு கோடுகளுக்கும் ஒரே புள்ளியிலிருந்து செங்குத்து வரைந்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் விழும். அதாவது ய, ப, ள மூன்றும் ஒரே கோடு. அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

ஆகவே பய + பர என்று நாங்கள் கூட்டிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு சமாந்தரக் கோடுகளுக்கு இடையிலான தூரம். தண்டவாளத்தின் இரண்டு இரும்புக்கும் இடையே உள்ள தூரத்தை எந்த இடத்தில் நின்று அளந்தாலும் ஒன்றுதானே. ப நகர்ந்தால் அந்தக் குறுக்குக் கோடு அப்படியே பக்கவாட்டில் நகரும், நீளம் மாறாது. சாய்சதுரத்தின் பரப்பளவு 75 + 75 = 150; 150 ÷ 12.5 = 12.

அந்தப் பிள்ளை சீற்றை இரண்டு முறை மடித்து விரித்துவிட்டு, "இது கணக்கே இல்லையே, ரீச்சர்" என்றாள்.

என் படத்தில் ய, ம ஐத் தாண்டி அந்தப் பக்கம் விழுகிறது. படம் பிழையா?

படம் சரி. உங்கள் ப ச இற்குக் கிட்ட இருக்கிறது, அவ்வளவுதான். கய = கப × 20 ÷ 25, அதாவது கப இன் 0.8 மடங்கு. கம = 12.5. ஆகவே கப 15.625 செ.மீ. ஐத் தாண்டியதும் ய, ம ஐக் கடந்து மட இன் மேல் போய்விடும். மறுபக்கத்திலும் அதே கதை: கப 4.375 இலும் குறைந்தால் ர, ம ஐத் தாண்டும்.

நிறுவலுக்கு ஒன்றும் ஆகாது. முக்கோணி கபம இல் ம இல் உள்ள கோணம் விரிகோணமாகிவிட்டது. விரிகோண முக்கோணியில் உயரம் வெளியே, அடியை நீட்டிய கோட்டின் மேல் விழும். ½ × அடி × உயரம் அப்படியே பொருந்தும்.

இதைக் கவனித்த பிள்ளைக்கு ஒரு மேலதிக விஷயம். ய இலும் ர இலும் செங்கோணம் இருப்பதால், ப, ய, ம, ர நான்கும் எப்போதும் ஒரே வட்டத்தில் கிடக்கும். பம அதன் விட்டம். வட்ட நாற்பக்கல் படித்த பிறகு, கோணம் யபர உம் மாறாமல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ப ஐச் சட இன் மேல் வைத்தால் விடை மாறுமா? அது குறுகிய பக்கம்தானே.

மாறாது. முக்கோணி சடம இன் பரப்பளவும் 75 தான். அடிகளும் அதே 12.5. விடை 12. நாலு பக்கமும் நடந்து வாருங்கள், 12 தான்.

செவ்வகத்துக்குள்ளே வைத்தால்?

குறையும். எவ்வளவு குறையும் என்பது அழகான விஷயம்.

ப, முக்கோணி கசம இற்குள் கச இலிருந்து 2.5 செ.மீ. உள்ளே இருக்கிறது என்று வைப்போம். ப ஊடாகக் கச இற்குச் சமாந்தரமாக ஒரு கோடு கீறுங்கள். அது மூலைவிட்டங்களை வெட்டும் இடங்களை மூலைகளாக வைத்து, அதே மூலைவிட்டங்களின் மேல் ஒரு சிறிய செவ்வகம் கீறலாம். ப அதன் பக்கத்தின் மேல் இருக்கிறது! பழைய கணக்குத்தான், சிறிய அளவில். ம இலிருந்து கச 7.5 தூரம், புதிய பக்கம் 5 தூரம். ஆகவே எல்லா நீளமும் மூன்றில் இரண்டாகச் சுருங்கும்: 12 × 5 ÷ 7.5 = 8.

கோலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டி போடுவோமே, அதுபோலக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் ஒரு மாறிலி. உள்ளே போகப் போகக் குறைந்து ம இல் பூச்சியம். வெளியே போனால் கூடும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளை மட்டும் தந்து, "இரண்டுக்கும் உள்ள செங்குத்துத் தூரங்களின் கூட்டுத்தொகை 12 ஆக இருக்கும் புள்ளிகளின் ஒழுக்கு என்ன?" என்று கேட்டால், விடை ஒரு செவ்வகத்தின் ஓரம். ஒழுக்கு (நிபந்தனைக்குப் பொருந்தும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து அமையும் கோடு) என்றதும் வட்டமும் இருசமகூறாக்கியும் மட்டும் நினைக்கிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

நான்கு பக்கங்களுக்கும் உள்ள செங்குத்துத் தூரங்களைக் கூட்டச் சொன்னால் கணக்கே வேண்டாம்: உள்ளே எங்கே நின்றாலும் 20 + 15 = 35.

கச ஐ நீட்டி, ப ஐ வெளியே வைத்தால்?

அப்போது கூட்டுத்தொகை மாறும், வித்தியாசம் மாறாது. ப, ச இற்கு அப்பால் 5 செ.மீ. என்றால் கப = 25, பய = 15; சப = 5, பர = 3. வித்தியாசம் 12. காரணத்தை நீங்களே எழுதுங்கள். இரண்டு முக்கோணிகளைக் கூட்டிய இடத்தில் இப்போது கழிக்க வேண்டும்.

சதுரம், இணைகரம், சரிவகம் எல்லாவற்றுக்கும் இது சரிவருமா?

சதுரம் செவ்வகம்தானே, சரிவரும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் கட்டுப் போல சதுரமாக இருந்தால் வேலை இன்னும் சுகம்: மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுவதால் பயமர ஒரு செவ்வகம். பர = யம; பய = கய; கூட்டினால் கம. பாதி மூலைவிட்டம்தான் விடை.

இணைகரத்தில் சரிவராது. ப ஐக் க இல் வைத்தால் கூட்டுத்தொகை "பரப்பளவு ÷ சத". ச இல் வைத்தால் "பரப்பளவு ÷ கட". மூலைவிட்டங்கள் சமமில்லை என்றால் இரண்டும் வேறு வேறு. இதைத் திருப்பியும் வாசிக்கலாம்: ஓர் இணைகரத்தில் கூட்டுத்தொகை மாறவில்லை என்றால் மூலைவிட்டங்கள் சமம், ஆகவே அது செவ்வகம். மேசன் அண்ணையின் முறையைத்தான் வேறு வழியில் வந்து தொட்டிருக்கிறோம்.

சமாந்தரமில்லாத பக்கங்கள் சமமாக உள்ள சரிவகத்தில், சமாந்தரப் பக்கங்கள் இரண்டிலும் தனித்தனி மாறிலி வரும். சரிந்த பக்கங்களில் வராது.

அடிமட்டத்தால் அளந்தால் 11.8 வருகிறது. 12 இல்லையே.

பென்சில் முனை மழுங்கியிருக்கும், அல்லது மூலைமட்டம் சற்றுச் சரிந்திருக்கும். கொப்பியில் 2 மில்லிமீற்றர் பிசகுவது பெரிய குற்றமில்லை. ஆனால் அளந்து வந்த எண்ணை விடையாக எழுதாதீர்கள்.

பெரிதாகச் செய்து பார்க்க ஆசை என்றால் கடற்கரைக்குப் போங்கள். ஓர் ஓகஸ்ட் மாதம், கடல் தணிந்திருந்த பின்னேரத்தில், கோட்டைக்குக் கிட்ட மணலில் கரப்பந்துக் களம் ஒன்று கீறினோம்: 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். மூலைக்கு மூலை இரண்டு நைலோன் கயிறு. கணக்குப்படி மூலைவிட்டம் 20.12 மீற்றர், கூட்டுத்தொகை 162 ÷ 20.12, அதாவது ஏறக்குறைய 8.05 மீற்றர் வர வேண்டும்.

மணலில் செங்குத்துக் கீற மூலைமட்டம் உதவாது. ஒருவர் நாடாவின் நுனியை ப இல் அழுத்திப் பிடிக்க, மற்றவர் நாடாவைக் கயிற்றின் மேல் இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து, மிகக் குறைந்த அளவு எங்கே வருகிறதோ அதை வாசிக்க வேண்டும். செங்குத்துத் தூரம் என்றால் அதுதான், எல்லாத் தூரத்திலும் குறைந்தது. முதல் தடவை 3.1 உம் 4.9 உம். இரண்டாம் தடவை 6.1 உம் 2.0 உம். மூன்றாம் தடவை அளக்க முதல் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து கயிற்றை முகர்ந்துவிட்டுக் களத்தின் குறுக்கே நடந்துபோனது. அதோடு அளவெடுப்பும் முடிந்தது.

வீட்டில் செய்வதற்கு ஓர் ஏ4 தாள் போதும். 29.7 × 21 செ.மீ.; இரண்டு மூலைவிட்டத்தையும் கீறுங்கள். எந்த ஓரத்தில் புள்ளி வைத்தாலும் 17.1 செ.மீ. இற்குக் கிட்ட வர வேண்டும்.

பரீட்சையில் எங்கே புள்ளி போகிறது?

பெரும்பாலும் புள்ளி ப இலேயே புள்ளி போகிறது. ப ஐ நடுவில் வைத்து பய = பர = 6 என்று எழுதுகிறார்கள். விடை 12 என்று சரியாக வந்தாலும் நிறுவலுக்கு ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது, மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுகின்றன என்று நினைப்பது. இணைகரங்களில் அது சதுரத்திலும் சாய்சதுரத்திலும்தான். படத்தைச் சதுரம் மாதிரிக் கீறுவதால் வரும் வினை. நீளத்தை நீளமாகவே கீறுங்கள். இங்கே கோணம் கமச ஏறக்குறைய 106 பாகை.

காரணம் எழுதாமல் விடுவது மூன்றாவது. அடைப்புக்குள் இரண்டு சொல் எழுத என்ன நேரம் போகப்போகிறது?

இந்தத் தேற்றத்துக்குப் பெயர் இருக்கிறதா?

செவ்வகத்துக்கென்று நான் வகுப்பில் எந்தப் பெயரும் சொல்வதில்லை. இதன் அடிப்படை இருசமபக்க முக்கோணி: அடியின் மேல் உள்ள எந்தப் புள்ளியிலிருந்தும் சமமான இரண்டு பக்கங்களுக்கும் உள்ள செங்குத்துத் தூரங்களைக் கூட்டினால் ஒரே அளவு. நமது செவ்வகத்துக்குள் கமச என்ற இருசமபக்க முக்கோணி ஒளிந்திருந்தது. இதன் அண்ணன் ஒருவருக்குப் பெயர் உண்டு: விவியானி தேற்றம். சமபக்க முக்கோணிக்குள் எங்கே புள்ளி வைத்தாலும் மூன்று பக்கங்களுக்கும் உள்ள செங்குத்துத் தூரங்களின் கூட்டுத்தொகை முக்கோணியின் உயரத்துக்குச் சமம். வின்சென்சோ விவியானி (1622–1703) இத்தாலிக்காரர், கலிலியோவின் கடைசிக் கால மாணவர். நிறுவல் மேலே செய்ததுதான். இரண்டு முக்கோணிக்குப் பதில் மூன்று.

மூலைகளுக்கு உள்ள தூரம் கேட்டால் என்ன செய்வது?

அது வேறு கணக்கு. ஆனால் அங்கேயும் செங்குத்துகள்தான் கைகொடுக்கும். ப செவ்வகத்துக்குள் எங்கே இருந்தாலும் பக² + பட² = பச² + பத². ப இலிருந்து நான்கு பக்கங்களுக்கும் செங்குத்து வரைந்து, பைதகரசை நான்கு முறை போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றே என்று தெரியும். கத இலிருந்து 5, கச இலிருந்து 12 தூரத்தில் ப ஐ வைத்துப் பாருங்கள்: 169 + 234 உம் 403, 369 + 34 உம் 403.

பழகுவதற்கு இன்னும் இரண்டு கணக்குத் தாருங்கள், ரீச்சர்.

ஒன்று: நீளம் 24, அகலம் 7. கூட்டுத்தொகை என்ன? (6.72 வர வேண்டும்.)

மற்றது திருப்பிக் கேட்பது: ஒரு பக்கம் 30 செ.மீ., பய + பர = 24 செ.மீ. மற்றப் பக்கம் எவ்வளவு? வர்க்கமூலம் வரும், இரண்டு பக்கமும் வர்க்கிக்க வேண்டும். முதலில் 18 என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். 18, 24, 30 என்று அழகாகப் பொருந்துவதால் வரும் மயக்கம் அது. 24 என்பது மூலைவிட்டமா, பக்கமா, கூட்டுத்தொகையா என்று வினாவை இன்னொரு தரம் வாசியுங்கள்.